மொட்டை மாடியில் இருக்கும் அந்தக் கம்பிக் குடை



பொங்கலன்று பேத்தி எடுத்துப் போட்ட படத்தில், என் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு குழாயும், அதன் தலையில் துணி போன குடை மாதிரி எட்டுக் கம்பிகளும் தெரிகின்றன. படத்தில் இருந்த என்னையோ கரும்பையோ யாரும் விசாரிக்கவில்லை. எல்லோரும் குடையைத்தான் விசாரித்தீர்கள். "சார், துணி காயப் போடவா?" என்று ஒரு மாணவி. "சித்தப்பா, இடிதாங்கியா?" என்று மதுரையிலிருந்து அண்ணன் மகன். "புறா வந்து உட்காரவா சார்?" என்று கேட்டவன் பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான் கேட்பான். தனித்தனியாகப் பதில் தட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பழைய நாற்பது நிமிட பீரியட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

அது ஒரு ஆண்டெனா. நான் 1986-இலிருந்து ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆய்வகத்தில் மோர்ஸ் சாவியைத் தட்டிப் பார்த்துக் கைவலி வந்தவர்களும் உண்டு. புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அரசு நடத்தும் தேர்வு எழுதி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, சொந்த வானொலிக் கருவியால் மற்ற ஊர், மற்ற நாட்டு ஹாம்களுடன் பேசுவது. நடுவில் டவர் கிடையாது, கம்பெனி கிடையாது. இங்கிருந்து கிளம்பும் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி அங்கே இறங்குகிறது. 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவும், தொலைபேசி செத்துக் கிடந்த நாட்களில், இப்படித்தான் தீவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே செய்தி கடத்தினார்கள்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு, 40 மீட்டர் அலைவரிசையில், தெற்கத்திப் பழைய ஹாம்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இதை 'நெட்' என்பார்கள். நெட்டை நடத்துபவர் எங்கள் அண்ணாச்சி. வயது 84. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீர் அழுத்த நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. செட்டில் எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும் என்பதால், வானொலி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஏழு மணி ஆனதும் ஒவ்வொரு அழைப்புக் குறியாகக் கூப்பிடுவார். பதில் வந்தால் "சரி, வந்தாச்சு" என்பார். வராவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவார். அதற்கும் பதில் இல்லை என்றால், நெட் முடிந்ததும் பேரனை விட்டு அந்த வீட்டுக்குப் போன் போடச் சொல்வார்.

முப்பத்தைந்து வருஷம் நான் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உங்கள் பெயரைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றீர்கள். இப்போது அண்ணாச்சி கூப்பிடுகிறார், நான் "உள்ளேன்" என்கிறேன். இந்த வயதில், காலையில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தனியாக இருப்பவர்கள்.

ஊரில் இருந்தவரை எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே இருபது மீட்டர் கம்பி கட்டியிருந்தேன். 2019-இல் மகனோடு சென்னைக்கு வந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடி பொது இடம். குடியிருப்போர் சங்கத்தில் கேட்டபோது, தொட்டிக்கு மேல் நாலு மீட்டருக்கு உயரக் கூடாது, கைப்பிடிச் சுவரைத் தாண்டி எதுவும் நீட்டக் கூடாது என்று சொல்லி அனுமதி தந்தார்கள். புயல் அடிக்கிற ஊரில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலு மீட்டர் அலுமினியக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் கம்பிச் சுருள் ஒன்றைச் சேர்த்து, என் சின்ன செட்டை மாட்டினேன். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட் அது. கையால் செய்துகொள்ளலாம், விலையும் குறைவு. வெளியே அனுப்புவது 7 வாட். உங்கள் வீட்டு எல்இடி பல்பு அளவு.

முதல் நாள் காலை அண்ணாச்சியின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. என் அழைப்புக் குறியைக் கூப்பிட்டார். பதில் சொன்னேன். "யாரோ இருக்கிய... யாருன்னு வெளங்கல. இரைச்சலுக்குள்ள ஒரு குரல் கெடக்கு" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "இல்ல, கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துப் பேரன் போன் செய்தான், "தாத்தா கேக்கச் சொன்னாங்க, சொகமா இருக்கீங்களான்னு."

இது ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில் நடந்தது. அவர் குரல் எனக்கு வருகிறது, என் குரல் அவருக்குப் போகவில்லை. 'ஒரே ஆண்டெனாதானே சார், அது எப்படி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும்?' என்று கேட்பீர்கள். அவர் செட் 100 வாட், அவர் ஆண்டெனா தென்னை உயரத்தில். அது ஒரு காரணம். இன்னொன்று, கேட்பதற்கு மோசமான ஆண்டெனாவே போதும். இந்த அலைவரிசையில் வானத்து இரைச்சலே பலமானது. ஆண்டெனா பாதியை விழுங்கினால் குரலும் பாதியாகும், இரைச்சலும் பாதியாகும். ஒலிக் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் அனுப்பும்போது ஆண்டெனா விழுங்கியது விழுங்கியதுதான். மறுமுனையில் இருப்பவரால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

சரி, ஏன் விழுங்குகிறது? இங்கேதான் பாடம் தொடங்குகிறது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். "தாத்தா, பல்புக்கு ரெண்டு கம்பி இருக்கு, கரண்ட் போய்த் திரும்பி வருது. இந்தக் குழாயோட மேல் நுனி சும்மா காத்துல நிக்குது. அங்க போன கரண்ட் எங்க போகும்?" நல்ல கேள்வி. எங்கும் போகாது. அதுதான் சிக்கல்.

கடலோரக் கழி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். அந்தக் கழி ஒரு கரையில் முட்டி நின்றுவிட்டால், முட்டில் நீர் நிற்குமே தவிர ஓடாது. வாயில் ஓட்டம் இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும், முட்டில் பூஜ்யம். குட்டையான செங்குத்து ஆண்டெனாவில் மின்னோட்டமும் இப்படித்தான். அடியில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு, நுனியில் பூஜ்யம். கரும்பலகையில் வரைந்தால் ஒரு முக்கோணம்.

இப்போது அதே கழியின் கடைசியில் பழவேற்காடு மாதிரி ஒரு பரந்த ஏரி இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஏரியை நிரப்பவும் வடிக்கவும் வேண்டிய நீர் அத்தனையும் கழி வழியாகத்தான் போய்வர வேண்டும். எனவே கழி நெடுகிலும் ஓட்டம் இருக்கும். கழி ஒரு அடிகூட நீளவில்லை. ஆனால் அதன் முழு நீளமும் வேலை செய்கிறது.

குழாயின் தலையில் இருக்கும் கம்பிக் குடை அந்த ஏரி. ஹாம்கள் இதைக் 'கெப்பாசிட்டி ஹேட்' என்பார்கள். நம் பாடப்புத்தகத் தமிழில் மின்தேக்குத் தொப்பி. ஏறி வரும் மின்னூட்டம் தங்கிப் போக ஒரு இடம். இடம் இருப்பதால் மின்னோட்டம் உச்சி வரை வருகிறது. முக்கோணம் மாறிச் செவ்வகத்தை நெருங்குகிறது. ஒரே அடி, ஒரே உயரம் என்றால் செவ்வகத்தின் பரப்பு முக்கோணத்தைப் போல இரண்டு மடங்கு. திறன் அதன் இருமடி என்பதால், நிறைவான தொப்பி ஒன்று கிடைத்தால், குட்டை ஆண்டெனாவின் கதிர்வீச்சுத் தடை நாலு மடங்கு வரை ஏறலாம்.

கவனியுங்கள், தொப்பி தானாக அலையை வீசுவதில்லை. கிழக்கே நீட்டிய கம்பியில் ஓடுவதும் மேற்கே நீட்டிய கம்பியில் ஓடுவதும் எதிரெதிர் என்பதால், தூரத்தில் இருப்பவருக்கு அவை ஒன்றையொன்று அழித்துவிடும். வீசுவது செங்குத்துக் குழாய்தான். தொப்பி அதை முழுமையாக வேலை செய்ய வைக்கிறது, அவ்வளவே.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வானொலி பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. டைட்டானிக் காலத்துக் கப்பல்களில் இரண்டு கொடிமரங்களுக்கு நடுவே கிடையாகக் கம்பி கட்டி, அதன் நடுவிலிருந்து ஒன்றைக் கீழே இறக்கியிருப்பார்கள். 'டி' எழுத்து மாதிரி. மேலே கிடப்பது தொப்பி. ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-இல் தொடங்கிய நிலையம் இன்னும் இருக்கிறது. 127 மீட்டர் உயரத்தில் வரிசையாக ஆறு கோபுரங்கள், தலையில் குறுக்குக் கைகள், கைகளின் மேல் நெடுகக் கம்பிகள். அலை வீசும் வேலை ஒவ்வொரு கோபுரத்தருகிலும் கீழே இறங்கும் செங்குத்துக் கம்பிக்கு. மேலே ஓடும் கம்பிகள் தொப்பி. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

அவ்வளவு தூரம் ஏன்? நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில், 1990-இல் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையம். கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும், 18 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. அதன் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். செங்குத்து ஆண்டெனா ஒழுங்காக வேலை செய்ய அலைநீளத்தில் கால் பங்கு உயரம் வேண்டும் என்று கணக்கு. அதாவது 4 கிலோமீட்டர் உயரக் கோபுரம்! யாராலும் கட்ட முடியாது. வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும் அந்தக் கோபுரங்கள் நமக்குத்தான் வானளாவியவை. அவை வீசும் அலைக்கு அவை குட்டை. ஆகவே இந்த அலைவரிசை நிலையங்கள் எல்லாம் கோபுரத்து உச்சியில் கம்பிகளை விரித்துத்தான் பிழைக்கின்றன. நாலு மீட்டர்க் குழாய் வைத்திருக்கும் நானும் கடற்படையும் ஒரே வகுப்பு மாணவர்கள்.

என் குழாயின் கணக்குக்கு வருகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளுங்கள். முன் வரிசைக்காரர்கள் பேனாவை எடுங்கள்.

40 மீட்டர் அலைவரிசையில் கால் அலை என்றால் சுமார் 10 மீட்டர். என்னிடம் இருப்பது 4 மீட்டர். ஆண்டெனாவுக்குக் கொடுக்கும் திறன் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போகிறது. கதிர்வீச்சுத் தடை வழியாக வானத்துக்குப் போவது நமக்கு வேண்டியது. கம்பிச் சுருளில் சூடாகப் போவதும், எர்த் பக்கத்தில் சூடாகப் போவதும் நட்டம். தொப்பி இல்லாதபோது கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 3.7 ஓம். குட்டைக் குழாயை ஒத்திசைவுக்குக் கொண்டுவர 10 மைக்ரோஹென்றி சுருள், அதாவது இரண்டங்குல பிவிசி குழாயில் 18 சுற்று வேண்டும். அதன் இழப்பு 2.2 ஓம். தரைத்தளத்துக்குப் பதிலாக மாடியில் பரப்பிய நாலு ரேடியல் கம்பிகளின் இழப்பு 10 ஓம். ஆக மொத்தம் 16 ஓம். அதில் நமக்கு ஆகிற பங்கு 3.7 மட்டும். 7 வாட்டில் வானத்துக்குப் போவது 1.6 வாட். மீதி மொட்டை மாடியைச் சூடாக்குகிறது. சென்னையில் அதற்கு வெயிலே போதும்.

இப்போது தொப்பி. ஒரு மீட்டர் நீளத்தில் எட்டுக் கம்பிகள், நுனிகளை இணைத்து ஒரு ஓரக் கம்பி. ஒரு மீட்டர் ஆரமுள்ள முழுத் தகட்டுக்கு மின்தேக்குத்திறன் 71 பிக்கோஃபாரட். எட்டுக் கம்பியும் ஓரக் கம்பியும் சேர்ந்தாலே 50-ஐத் தொட்டுவிடும். தகட்டின் எடையும் இல்லை, காற்று பிடிப்பதும் இல்லை. கதிர்வீச்சுத் தடை 3.7-லிருந்து 9.5 ஓம் ஆகிறது. சுருள் 18 சுற்றிலிருந்து 8 சுற்றாகச் சுருங்குகிறது, அதன் இழப்பு 0.6 ஓம். எர்த் இழப்பு அதே 10. வானத்துக்குப் போவது 3.3 வாட். இரு மடங்கு! ரேடியல் கம்பிகளையும் நாலிலிருந்து பதினாறாக்கினேன். எர்த் இழப்பு 6 ஓம் அளவுக்கு இறங்கியது. இப்போது 4.1 வாட்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தொடக்கத்தில் மீட்டரில் மொத்தத் தடை 16 ஓம். எல்லாம் முடிந்தபின் 9.5, 0.6, 6 கூட்டினால்? மறுபடியும் 16! மீட்டரை மட்டும் பார்ப்பவன் ஒன்றும் மாறவில்லை என்பான். அந்தப் பதினாறில் எது உழைப்பு, எது நட்டம் என்பதை மீட்டர் பிரித்துச் சொல்லாது. 'எஸ்டபிள்யூஆர் ஒன்றுக்கு ஒன்று வருது சார், ஆண்டெனா பிரமாதம்' என்று சொல்லும் புது ஹாம்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு ஐம்பது ஓம் மின்தடையை மாட்டினாலும் ஒன்றுக்கு ஒன்றுதான் வரும். சத்தம் மட்டும் வெளியே போகாது. மதிப்பெண் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிள்ளைகளில் எவனுக்குப் பாடம் புரிந்தது என்று வாத்தியார்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

'அதிக வாட் செட் வாங்கிவிட்டால் போகிறது' என்று மகன் சொன்னான். வாங்கலாம். ஓட்டைப் பானையில் இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிற வேலை அது. முதலில் ஓட்டையை அடைப்போம் என்றேன்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். கம்பிகளுக்கு ஊர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிவி ஆண்டெனா. ரூபவாஹினி பார்ப்பதற்காக ஒரு காலத்தில் நம் ஊர் ஓட்டுக்கு மேலெல்லாம் நின்றதே, அதே அலுமினியக் குச்சிகள். நடுவில் எட்டையும் பிடிக்க ஒரு குடம் வேண்டும், சைக்கிள் சக்கரத்துக்கு இருப்பது போல. 96-ஆம் வருஷ செட்டில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒருவன் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். படம் வரைந்து எடுத்துப் போனேன். "சார், தலையில இவ்வளவு பாரம் ஏத்துறீங்களே, காத்துக்கு ஆடாதா?" என்று கேட்டான். நான் கணக்குப் போட்டுக் காட்டுவதற்குள் அவனே அலுமினிய உருண்டையை எடுத்து, உள்ளே குடைந்து எடை குறைத்து, எட்டுத் துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு வைத்துவிட்டான். புயல் எச்சரிக்கை வந்தால் திருகைத் தளர்த்திக் கம்பிகளைக் குடை மாதிரி மடக்கிவிடலாம். நான் சொல்லாத யோசனை அது. கூலி கேட்டதற்கு, "சார், பத்தாம் கிளாஸ்ல நீங்க போட்ட முப்பத்தஞ்சு மார்க்குக்கு இது வட்டி" என்றான். அந்த முப்பத்தைந்தும் அவனாக வாங்கியது. இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

குழாயின் அடியில் பிவிசி துண்டு, காப்புக்காக. நாலு பக்கம் நைலான் கயிறு. 16 ஓமை 50 ஓமுக்கு ஒப்ப வைக்க ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒரு சிறு மின்மாற்றி. ரேடியல் கம்பிகளைக் கைப்பிடிச் சுவரோரம் யார் காலிலும் தட்டாமல் ஓட்டினேன். சங்கத்துச் செயலாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். 4 மீட்டர், ஒரு விரல்கடை குறைவு. "உயரம் ஏறல, அகலம்தான் ஏறியிருக்கு, அது சுவருக்குள்ளதான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார். நான்கு வரியில் என் பாடத்தை முடித்துவிட்டார் மனிதர்.

அடுத்த நாள் காலை ஏழு மணி. அண்ணாச்சி வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் குறி வந்ததும் ஒரு தடவைதான் சொன்னேன், குரலை உயர்த்தாமல். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு, "சார்வாள் குரல்லா கேக்கு! இரைச்சலுக்கு மேல தலையைத் தூக்கிட்டியளே! எங்கய்யா போயிருந்திய இத்தன நாளா?" என்றார்.

எங்கும் போகவில்லை. தினமும் அங்கேதான் இருந்தேன்.

1.6 வாட்டுக்கும் 4.1 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 டெசிபெல். பலமான சிக்னலுக்கு 4 டெசிபெல் ஒரு பொருட்டே இல்லை. மீட்டர் முள் அரை எண்ணுக்குக் கொஞ்சம் மேல் நகரும், அவ்வளவுதான். ஆனால் இரைச்சலின் விளிம்பில் நிற்கும் குரலுக்கு அது கரையேறுவதா, முங்குவதா என்கிற வித்தியாசம். அண்ணாச்சிக்கு இப்போது வலது காது மட்டும்தான் நன்றாகக் கேட்கிறது. கண்ணாலோ உதட்டசைவாலோ ஊகிக்க வழியில்லாத மனிதர். அவருக்கு ஒவ்வொரு டெசிபெலும் கணக்கு. இப்போது வாரத்தில் ஐந்து நாளாவது 'சரி, வந்தாச்சு' கிடைத்துவிடுகிறது. மீதி நாளில் அயனி மண்டலம் ஒத்துழைக்காது. அதற்கு நானும் அண்ணாச்சியும் ஒன்றும் செய்ய முடியாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தொப்பி உச்சியில்தான் இருக்க வேண்டும். கம்பிகள் கிடையாக இருப்பது நல்லது. குடை மாதிரி கீழ்நோக்கித் தொங்க விட்டால், அவற்றில் கீழே இறங்கும் மின்னோட்டம் குழாயில் மேலே ஏறுவதில் ஒரு பங்கை அழித்துவிடும். கயிறே கம்பியாக இறங்கும் பெரிய கோபுரங்களில் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நமக்கு அவசியம் இல்லை. முதலில் ரேடியல் கம்பியா, தொப்பியா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். ஒன்று வரவைக் கூட்டுகிறது, மற்றது செலவைக் குறைக்கிறது. செங்குத்து ஆண்டெனா நேர் மேலே அலையை அனுப்பாது. அதனால் வேலூர், காஞ்சிபுரம் போன்ற பக்கத்து ஊர்களுக்கு நான் இன்னும் மங்கல்தான். அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெல்லைச் சீமைக்குப் பழுதில்லை. பக்கத்து ஊர்தான் முக்கியம் என்பவர்கள் கிடைக்கம்பிக்கு இடம் தேடுங்கள்.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட மாட்டேன். பேசும்போது யாரும் குழாயைத் தொடக் கூடாது. 7 வாட்தானே என்று நினைக்க வேண்டாம், நுனியில் மின்னழுத்தம் அதிகம், விரல் சுடும். மின்கம்பி விழுந்தால் தொடும் தூரத்தில் ஆண்டெனா எதையும் நிறுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்டபின் மாடிக்கு ஏறுவது வீரம் இல்லை. மதுரை அண்ணன் மகனுக்குத் தனியாக: இது இடிதாங்கி இல்லை அப்பா. இடிதாங்கி வேறு, அதற்கு எர்த் வேறு.

உரிமம் இல்லாமல் யாரும் அனுப்பிப் பேசக் கூடாது, சட்டப்படி குற்றம். கேட்பதற்கு ஒரு தடையும் இல்லை. சென்னையில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அழைத்து வாருங்கள். காபி உண்டு. அண்ணாச்சி புதுக் குரலைக் கேட்டால் பெயர், ஊர், என்ன படிக்கிறாய் என்று எல்லாம் விசாரிப்பார். நான் உரிமக்காரன் அருகில் இருக்கும்போது பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். அவர்கள் சொல்ல வேண்டிய பதிலை நான் எடுத்துச் சொல்வேன்.

வீட்டுப்பாடம் இல்லாமல் வகுப்பை விட்டதாகச் சரித்திரம் இல்லை. இதோ ஒன்று. இதே எட்டுக் கம்பித் தொப்பியைக் குழாயின் உச்சியிலிருந்து கழற்றி, அடியில், சுருளுக்குச் சற்று மேலே மாட்டுகிறேன். மின்தேக்குத்திறன் அதே 50 பிக்கோஃபாரட்தான். என் குரல் அண்ணாச்சிக்குக் கேட்குமா, கேட்காதா? ஏன்? கழியின் வாயிலேயே ஏரி இருந்தால் கழிக்குள் என்ன ஓடும் என்று யோசித்துவிட்டு விடையைக் கீழே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது. ஞாயிறு இரவு திருத்துகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹாம் பாஷையில் 73, அதாவது நல்வாழ்த்துகள்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்